நாற்பத்தொன்றாம் எண் மானும் வெள்ளிக்கிழமை பிரியாணியும்

பனிக்கரடியின் எச்சத்தைப் பொறுக்கப் போகிறேன், ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று போன மாதம் ஒரு பெண் என் காலில் விழ வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. நம் வனவிலங்குக் காப்பகத்து ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். வடதுருவத்துக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு குழு, பனிக்கரடிகளைத் தொடாமல், மயக்க ஊசி போடாமல், அவை போட்டுவிட்டுப் போகும் எச்சத்தையும் உதிர்த்துவிட்டுப் போகும் முடியையும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கரடி பயந்திருக்கிறது, எது கர்ப்பமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறதாம். அங்கே வேலை கிடைத்திருக்கிறது.

"நீங்க இருபத்தாறு வருஷம் இதையேதானே பண்ணீங்க, அங்கிள். ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

இதையேதான் பண்ணினேன். பனிக்குப் பதில் மணல், கரடிக்குப் பதில் ஒரிக்ஸ் மான். அபுதாபிக்கு மேற்கே, ருவைஸிலிருந்து தெற்கே உள்ளே போனால் வரும் பாலையில், நாற்பத்தாறு டிகிரி வெயிலில் மான் புழுக்கை பொறுக்கினேன். நம் புலவர்கள் பாலைத்திணையில் பிரிவைப் பாடினார்கள், கானலைப் பாடினார்கள், மானையும் பாடினார்கள். புழுக்கையை மட்டும் பெருந்தன்மையோடு எனக்கு விட்டுவைத்தார்கள். ஊரில் உறவினர்கள் கேட்டால் என் மனைவி "லேப்ல இருக்காங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அபுதாபியில் வளர்ந்த என் மகனுக்கு அந்த நாசூக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னபோது "மை டாட் காட்டுக்குப் போய் பூப் கலெக்ட் பண்றார்" என்று சொல்லி வகுப்பிலேயே அதிகக் கைதட்டல் வாங்கினான்.

அன்று அவளுக்கு எதுவும் சொல்ல முடியவில்லை. கீழே டாக்ஸி நின்றது. அதனால் எழுதுகிறேன். அவளுக்கும், இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும். எப்படி அரைப்பது, எப்படி அளப்பது என்பதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லும் இயந்திரங்கள் இப்போது வந்துவிட்டன. நான் சொல்லப்போவது ஒரு பிரியாணியைப் பற்றி.

முதலில் ஒரு சின்ன விஷயம், கதைக்குத் தேவைப்படும். புழுக்கை என்பது நேற்றைய செய்தித்தாள். மான் பயந்த நிமிடத்தில் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன், குடல் வழியாகச் சுற்றி வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்கு இது ஏட்டளவில் தெரியும், புத்தியளவில் தெரியாது. ஒருநாள் யாரோ நாலு பையன்கள் மணல் மோட்டார் சைக்கிளில் வேலி தாண்டி வந்து ஒரு மந்தையை ஓட ஓட விரட்டிவிட்டுப் போனார்கள். நான் உடனே ஓடிப்போய் மாதிரி எடுத்தேன். எல்லாம் அமைதியான எண்கள். ஒரிக்ஸ் மான்கள் மோட்டார் சைக்கிளைப் பொருட்படுத்துவதில்லை என்று கூட்டத்தில் அறிவித்தேன். மறுநாள் மாதிரியில் எண்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயின.

அன்று என்னைக் காப்பாற்றியவர் எங்கள் கால்நடை மருத்துவர். சூடான்காரர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற மெதுவான பேச்சு. "யா உஸ்தாத்" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். வாத்தியாரே என்று அர்த்தம். நான் கூட்டங்களில் அதிகம் பேசுகிறேன் என்பதைச் சொல்வதற்கு அவர் கண்டுபிடித்த மரியாதையான வழி அது. "எண் சரியாகத்தான் இருந்தது உஸ்தாத், நீங்கள்தான் ஒரு நாள் முந்திவிட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

இனி கதை.

நாற்பத்தொன்று ஒரு பெண் மான். காதில் மஞ்சள் வில்லையில் அந்த எண். காப்பகத்தில் முதலில் திறந்துவிட்ட மந்தையில் மிஞ்சியிருந்த மூத்த பெண். எந்தச் சரளைத் திட்டில் காற்று வரும், எந்த மரத்தடியில் மதியம் நிழல் நிற்கும், மழை பெய்தால் எந்தப் பள்ளத்தில் புல் முதலில் தலைகாட்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். மற்ற பதினொரு மான்கள் அவள் பின்னால் நடக்கும். என் டிரைவர் கான், பெஷாவர் பக்கத்துப் பட்டாணி, அவளை "பேகம் சாஹிபா" என்றுதான் சொல்வார். அவள் பாதையைக் கடக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வார். எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

நாட்டில் வாராந்திர விடுமுறை மாறிய வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை வெள்ளிக்கிழமை முழு லீவு. மாறிய பிறகு வெள்ளி அரை நாள் டியூட்டி. அலுவலகத்தில் புது அட்டவணை போட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒரு மந்தை. நாற்பத்தொன்றின் மந்தை வெள்ளிக்கிழமைக்கு வந்தது. அந்த மந்தை மேயும் இடம் காப்பகத்தின் வடக்கு ஓரம். அங்கிருந்து தெற்கே, ஆய்வுக்கூடம் இருக்கும் எங்கள் கேம்ப்புக்குப் போக ஒன்றரை மணி நேரம், வடக்கே ருவைஸுக்குப் போக முக்கால் மணி நேரம்.

கானுக்கு ஜும்ஆ தொழுகை. எனக்கு ருவைஸில் ஒரு காயல்பட்டினத்துக்காரர் நடத்தும் ஹோட்டலின் பிரியாணி. எங்கள் இருவரின் மார்க்கமும் ஒரே ரோட்டில் இருந்தது.

ஆக வெள்ளிதோறும் நடந்தது இது. விடியலில் கிளம்பி, மந்தையைத் தூரத்திலிருந்து பார்த்து, எந்த மான் எங்கே போட்டது என்று குறித்து, அது நகர்ந்த பிறகு போய் எடுத்து, பையில் கட்டி, எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைப்போம். பதினொன்றரைக்கு முடிந்துவிடும். பிறகு ருவைஸ். கான் பள்ளிவாசலுக்குள் போவார். நான் ஹோட்டலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். தொழுகை முடிந்து முதலாளி வந்து சட்டி மூடியைச் சுற்றி ஒட்டிய மாவுப்பூட்டை உடைப்பார். அந்த ஆவிக்காக நான் மதம் மாறியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. சாப்பிட்டு, சுலைமானி டீ குடித்து, நாலரை ஐந்துக்குக் கேம்ப். மாதிரிகள் ஃப்ரீஸருக்குள்.

மாதிரியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரீஸரில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் உருகாத ஐஸில் வைக்க வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். பிளாஸ்டிக் உறை போட்டு ஆய்வுக்கூடச் சுவரில் ஒட்டியவனும் நான். ஐஸ்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். பெட்டி முதலில் வண்டிக்குள், ஏசியில்தான் இருந்தது. பிப்ரவரியில் ஒருநாள், வாசனை பிரியாணிப் பசியைக் கெடுக்கிறது என்று சொல்லி அதைப் பிக்கப்பின் பின்தொட்டிக்கு மாற்றியதும் நானேதான்.

மார்ச்சில் நாற்பத்தொன்றின் எண்கள் நகர ஆரம்பித்தன. பயத்தின் ஹார்மோன் ஏறியது. கர்ப்பத்தின் ஹார்மோன் இறங்கியது. ஏப்ரலில் இன்னும். அவள் மந்தையில் மற்ற மான்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான், ஆனால் கர்ப்பமாக இருந்தது இவள் ஒருத்தி என்பதால் எல்லோர் கண்ணும் இவள் மேல். வயதான தாய், கோடை முன்கூட்டியே வந்துவிட்டது, மேய்ச்சல் குறைவு, கரு தங்கவில்லை. இதை நான் மூன்று பக்கத்துக்கு எழுதினேன். வரைபடம் போட்டேன். வெப்பம் ஏற ஏற அவள் வேதனையும் ஏறுவது கோட்டில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது. புதியவர்களே, வரைபடம் அவ்வளவு அழகாக வந்தால் ஒரு நிமிடம் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

தலைமையகத்தில் அறிக்கையைப் படித்தார்கள். அவளைப் பிடித்து, இனப்பெருக்க மையத்துக்குக் கொண்டுபோய், நிழலில் அடைத்து வைத்தியம் பார்ப்பது என்று முடிவு. மே மாதக் கடைசி சனிக்கிழமை விடியலில் பிடிப்பது. மே மாதத்தில் ஒரிக்ஸைத் துரத்தி மயக்க ஊசி போடுவது சாதாரணக் காரியம் அல்ல. ஓடிய சூட்டிலேயே தசை வெந்து செத்துப்போன மான்களை நான் பார்த்திருக்கிறேன். வயிற்றில் குட்டி இருந்தால் அது நிற்காது. ஆனால் குட்டிதான் எப்படியும் போய்க்கொண்டிருக்கிறதே, தாயையாவது காப்பாற்றலாம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்குக்கு என் மூன்று பக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. சூடான் டாக்டருக்கு மனமில்லை. இரண்டு முறை என்னிடம் கேட்டார், எண்கள் உறுதியா என்று. உறுதி என்றேன், இரண்டு முறையும்.

பிடிப்பதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. கடைசியாக ஒரு மாதிரி எடுத்தோம். பேகம் சாஹிபா கான் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ருவைஸில் வழக்கம்போல் உட்கார்ந்தேன். தட்டில் பிரியாணி இருந்தது. முதல் முறையாக அது எனக்கு இறங்கவில்லை. ஹோட்டல் முதலாளி என் எதிரில் வந்து நின்றார். அறுபதைத் தாண்டியவர். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்கக் கூடாது" என்றார்.

சொல்லுங்க காக்கா என்றேன். சாப்பிடாமல் வைத்திருப்பதைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"வாரா வாரம் பாக்குறேன். அந்தப் பொட்டிய வண்டிக்குப் பின்னாடி வெயில்ல போட்டுட்டு வந்து உக்காந்துர்றீங்க. இன்னைக்கு மனசு கேக்கல. தொறந்து பாத்தேன். ஐஸெல்லாம் வெந்நீராக் கெடக்கு. என்ன அது, ஒலிவக்காயா? ரெண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டு வெச்சிருக்கேன்."

வாசல் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்தேன்.

"நான் மீன இப்படி வெச்சேன்னு வைங்க, முனிசிபாலிட்டிக்காரன் மறுநாளே கடையப் பூட்டிருவான். குளிர்காலத்துல பரவாயில்ல. இந்த வெயில்ல எதுவும் அதுவா இருக்காது தம்பி. வேற ஒண்ணா ஆயிரும்."

அவர் போய்விட்டார், வேறு மேஜைக்குத் தயிர்ப்பச்சடி கேட்டார்கள். எனக்குக் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் பரவாயில்லை. ஜனவரியில் நாற்பத்தொன்றின் எண்கள் சரியாக இருந்தன. மார்ச்சில் நகர ஆரம்பித்தன. மற்ற நான்கு நாள் மந்தைகளில் இப்படி நகரவில்லை. அவற்றின் மாதிரிகள் நேரே கேம்ப்புக்குப் போயின. புழுக்கை சூட்டில் கிடந்தால் அதற்குள் இருக்கும் கிருமிகள் வேலையை ஆரம்பிக்கும். ஒரு ஹார்மோனைத் தின்னும், இன்னொன்றை வேறு உருவத்துக்கு மாற்றும். எது ஏறும், எது இறங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது எனக்குத் தெரியும். வருடா வருடம் புதியவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன். என் அழகான வரைபடம் காட்டியது மானின் வேதனையை அல்ல. ருவைஸ் வண்டி நிறுத்துமிடத்தின் வெப்பநிலையை.

கானிடம் வண்டியில் சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தியில், பாதி கையால். அவர் பத்து கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "சாப், மேரா நாம் போல் தோ" என்றார். என் பெயரைச் சொல்லிவிடுங்கள். டிரைவர் பெட்டியை வெயிலில் விட்டுவிட்டான், எனக்கு இன்றுதான் தெரிந்தது என்று சொன்னால் போதும். டிரைவர்கள் இப்படித்தான் என்று எல்லோரும் நம்புவார்கள். பேகம் பிழைத்துக்கொள்வாள்.

அவர் சொன்னது சரி. எல்லோரும் நம்புவார்கள். மறுவாரம் அவர் விசா ரத்தாகியிருக்கும், பெஷாவருக்கு ஒரு வழி டிக்கெட். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இருபத்து நான்கு வருடத்து நல்ல பெயர் இருந்தது. நான் உடனே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் நல்ல மனது. இரண்டு கிலோமீட்டர் யோசித்தேன். ஒட்டகங்கள் கடக்கும் என்று எச்சரிக்கும் பலகையிலிருந்து காப்பகத்தின் முதல் வேலி வரைக்கும். அந்த இரண்டு கிலோமீட்டரில், வாயைத் திறக்காமலே இருந்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். ஒருவேளை பிடிப்பது நல்லபடி முடியலாம். குட்டி போனாலும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்ததுதானே என்பார்கள். யாருக்கும் தெரியாது.

வேலி வந்ததும், பெட்டியைப் பின்னால் தூக்கிப் போட்டது யார் கான் பாய் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஆப்னே" என்றார். நீங்கள்தான்.

கேம்ப்பில் பிடிக்கும் குழு வந்து இறங்கியிருந்தது. லாரியில் மரக்கூண்டு. சூடான் டாக்டர் அதன் கதவைத் திறந்து மூடி, உள்ளே வைக்கோல் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தனியே கூப்பிடவில்லை. தனியே கூப்பிட்டால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயம். அங்கேயே, கூண்டுக்குப் பக்கத்திலேயே சொன்னேன். வெள்ளிக்கிழமை மாதிரிகள் எல்லாம் கெட்டுப்போனவை, மார்ச்சிலிருந்து.

"டிரைவர் பெட்டியை வெயிலில் விட்டுவிட்டாரா?" என்றுதான் அவரும் முதலில் கேட்டார்.

"இல்லை டாக்டர். நான். பிரியாணிக்காக."

அவர் கூண்டின் விளிம்பில் உட்கார்ந்தார். அந்த உயரத்து ஆள் உட்கார்ந்தால்தான் எனக்கு நேராக முகம் தெரியும். எத்தனை வெள்ளி, எவ்வளவு நேரம், பெட்டி சரியாக எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவள் நன்றாக இருக்கிறாள் என்று இப்போது சொல்கிறீர்களா?"

"அதுவும் தெரியாது. எனக்கு ஒன்றுமே தெரியாது என்றுதான் சொல்கிறேன்."

"இந்த ஐந்து மாதத்தில் நீங்கள் சொன்னதிலேயே இதைத்தான் முழுதாக நம்புகிறேன், உஸ்தாத்" என்றார். போனை எடுத்துத் தலைமையகத்தை அழைத்தார். அரபியில் பேசியதில் எனக்குப் புரிந்தது இரண்டு வார்த்தை. செவ்வாய்க்கிழமை. கலாஸ், அதாவது முடிந்தது.

செவ்வாய் விடியல் வரை கூண்டு காத்திருக்கும். அதற்குள் நாற்பத்தொன்றின் ஒழுங்கான மாதிரி ஒன்று வேண்டும். திங்கள் மாலைக்குள் அதன் எண் வேண்டும். காரணத்தை நான் என் கையால் எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை விடியலில், அவளைப் பிடிக்க வேண்டிய அதே நேரத்தில், அவள் முன்னால் முந்நூறு மீட்டர் தள்ளி நாங்கள் மூன்று பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். கான், டாக்டர், நான். மூன்று பேர் மடியிலும் மூன்று பைனாகுலர். அவள் மேய்ந்தாள். படுத்தாள். அசை போட்டாள். ஏழு மணி ஆயிற்று. எட்டு ஆயிற்று. மந்தையில் மற்றவை எல்லாம் கடமையைச் செய்தன, அவள் மட்டும் செய்யவில்லை. கான் துஆ முணுமுணுத்தார். டாக்டர் ஏதோ ஓதினார். எனக்குத் தெரிந்த பிள்ளையாரிடம் ஒரு மானின் வயிற்றை இளக்கச் சொல்லி வேண்டிக்கொண்டேன். முழுமுதற் கடவுளிடம் இப்படி ஒரு விண்ணப்பம் இதுவரை போயிருக்காது. பத்து மணி சுமாருக்கு அவள் எழுந்தாள், சோம்பல் முறித்தாள், நாலு எட்டு நடந்தாள், வாலைத் தூக்கினாள். டாக்டர் தன்னையறியாமல் என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். அந்தத் தடம் இரண்டு நாள் இருந்தது.

அந்தப் புழுக்கையை இரண்டாகப் பிரித்தேன். பாதி உடனே ஐஸில், அங்கிருந்து நேரே கேம்ப் ஃப்ரீஸர். மறு பாதியைப் பழைய பெட்டியில் பழைய அளவு ஐஸோடு போட்டு, பிக்கப்பின் பின்தொட்டியில், கேம்ப் வாசலில், ஒரு பிரியாணி சாப்பிடும் நேரத்துக்கு வெயிலில் வைத்தேன். யாரும் பிரியாணி சாப்பிடவில்லை. கேம்ப் மெஸ்ஸில் அன்று பரங்கிக்காய் சாம்பார்.

திங்கள் மாலை ஆய்வுக்கூடத்தில் எண்கள் வந்தன. ஒரே வயிற்றிலிருந்து ஒரே நேரத்தில் வந்த இரண்டு சாட்சிகள். வெயிலில் கிடந்தவன் சொன்னான்: தாய் பயந்துபோயிருக்கிறாள், குட்டி போய்க்கொண்டிருக்கிறது. ஐஸில் இருந்தவன் சொன்னான்: கர்ப்பம் கெட்டியாக இருக்கிறது, அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். வெளியே போய் லாரிக்காரரிடம் கூண்டைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். உள்ளே போட்டிருந்த வைக்கோலைக் கான் இறக்கிக்கொண்டார், வீணாக்க வேண்டாம் என்று.

அறிக்கை எழுதுவதுதான் கடினமாக இருந்தது. முதலில் "போக்குவரத்தின்போது ஏற்பட்ட எதிர்பாராத வெப்பநிலை மாறுபாடு" என்று எழுதினேன். நல்ல வாக்கியம், அதில் மனிதர்களே கிடையாது. டாக்டர் அதைப் படித்துவிட்டுப் பேனாவால் அடித்தார், ஓரத்தில் ஒரே வார்த்தை எழுதினார்: பிரியாணி. அப்படியே மாற்றி எழுதினேன். அரசுத் தாளில், மூன்று பிரதிகளில், அரபி மொழிபெயர்ப்போடு அது மேலே போயிற்று. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நியாயமானது. இன்னும் வைத்திருக்கிறேன். கான் பெயர் அதில் எங்கும் இல்லை. தலைமையகக் கூட்டத்தில் ஒரு பெரிய அதிகாரி, சிரிக்காமல், அந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று விசாரித்ததாக டாக்டர் சொன்னார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ருவைஸுக்குப் போகவில்லை. விடியலில் இன்னும் சீக்கிரம் கிளம்பி, பெட்டியோடு நேரே கேம்ப். கான் பக்கத்து எண்ணெய்க் கம்பெனி லேபர் கேம்ப் பள்ளிவாசலில் தொழுதார். நான் சாம்பாரோடு சமாதானமானேன்.

கோயம்புத்தூர்ப் பெண்ணே, பனியில் உனக்கு உருகும் ஐஸ் இல்லை, பிரியாணியும் இருக்காது. ஆனால் அங்கேயும் மனிதர்கள்தான் மாதிரி எடுக்கிறார்கள். அவர்களுக்குக் குளிரும். சூடான காபி இருக்கும் குடிசைக்கு ஒரு குறுக்குவழி இருக்கும். கரடி வித்தியாசமாக ஏதோ சொல்கிறது என்று தோன்றினால், கரடியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அந்தக் குறுக்குவழியில் ஒருமுறை நடந்து பார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மந்தையில் பதினொரு மான்கள்தான் இருந்தன. நாற்பத்தொன்று இல்லை. கான் தேடிக்கொண்டே ஓட்டினார். ஒரு மணல் மேட்டைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்தார். தூரத்தில் ஒரு புதருக்குப் பக்கத்தில் அவள் தனியாக நின்றாள். வயிறு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்தாள், நகரவில்லை. புதரின் அடியில், மணல் நிறத்தில், இரண்டு காதுகள். பிறந்து சில நாள் தாய் குட்டியை இப்படி ஒளித்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று காவல் காப்பாள். அவள் முன்னால் மணலில் புத்தம்புதிய புழுக்கை கிடந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதிரி, மிக முக்கியமானது. அவள் விலகினால்தான் எடுக்கலாம். அவள் விலகுகிற மாதிரி இல்லை. விலக்க ஒரு ஹாரன் போதும்.

கான் என்னைப் பார்த்தார். "சலோ" என்றேன். பின்னோக்கியே வண்டியை எடுத்தார், மேடு மறைக்கும் வரை. பதிவேட்டில் அந்த நாளுக்கு நேராக ஒரு கோடு போட்டேன்.

மற்ற மான்களைத் தொந்தரவு செய்யவும் அன்று மனம் வரவில்லை. பெட்டி காலி. காலிப் பெட்டியைக் கேம்ப்புக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? கான் கடிகாரத்தைப் பார்த்தார், நான் வடக்கே பார்த்தேன்.

நாலு மாதம் கழித்து எங்களைப் பார்த்ததும் காக்கா எழுந்து வந்தார். ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன் என்றார். பின்தொட்டியில் பெட்டி இல்லை, கான் அதை வண்டிக்குள் ஏசியில் வைத்திருந்தார், காலியாகவே. காக்கா அதைக் கவனித்துத் திருப்தியோடு தலையாட்டினார். "இப்பதான் சரி. குடுங்க, ஐஸ் போட்டுத் தர்றேன், ஒலிவக்காய் கெட்டுப்போகாம இருக்கும்."

இந்த விஷயத்தில் நான் உண்மை சொல்லாமல் விட்ட ஒரே ஆள் அவர்தான். சொன்னேன். அது ஒலிவக்காய் இல்லை காக்கா என்று ஆரம்பித்து, மான், சூடு, மூன்று பக்க அறிக்கை, கூண்டு, இன்று காலை பார்த்த இரண்டு காதுகள் வரை சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முடிந்ததும் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். சட்டியின் மாவுப்பூட்டை உடைத்து, முதல் தட்டை எனக்கு முன்னால் வைத்தார்.

"குட்டி ஆணா, பொண்ணா?"

"தெரியாது காக்கா. கிட்டப் போகல."